சாவி கொடுக்காத கடிகாரம்

கடிகாரத்துக்குச் "சாவி கொடுப்பது" என்று சொல்கிறோமே, கைக்கடிகாரத்தில் சாவி எங்கே இருக்கிறது? பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முறுக்குகிறோம். ஆனால் வீட்டில் கேட்பது என்னவோ, "கெடியாரத்துக்குச் சாவி கொடுத்தாச்சா?" என்றுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கடிகாரத்துக்கு நிஜமாகவே ஒரு குட்டிச் சாவி இருந்தது. மூடியைத் திறந்து, துவாரத்தில் சாவியை நுழைத்து முறுக்க வேண்டும். சாவியைத் தொலைத்துவிட்ட கனவான் மணி பார்ப்பதற்கு மாதா கோயில் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். 1840-களில் ஆத்ரியன் பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் சாவியை ஒழித்துத் திருகை வைக்கும் முறையைச் செப்பனிட்டார். பாடேக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து பெரிய பெயரும் வாங்கினார். சாவி போயிற்று. நம் பேச்சில் மட்டும் அது இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

நான் சொல்ல வந்த கதை, அந்தத் திருகையும் தொட வேண்டாத கடிகாரத்தைப் பற்றியது. கையில் கட்டிக்கொண்டு உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். கை அசைகிற அசைவிலேயே அது தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும். கடையில் 'ஆட்டோமாடிக்' என்பார்கள். இதை நேற்று முந்தாநாள் வந்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உண்மையில் இது திருகுக்கும் மூத்தது. முதலில் சாவி, பிறகு திருகு, அதற்குப் பிறகு இரண்டும் வேண்டாத யந்திரம் என்று வந்திருந்தால் அது நியாயமான வரிசை. நடந்ததோ, பேரன் முதலில் பிறந்து அறுபது வருஷம் கழித்து அப்பா பிறந்தது போன்ற விசித்திரம்.

ஸ்விட்ஸர்லாந்தின் மேற்கு ஓரத்தில், பிரெஞ்சு எல்லையை ஒட்டியபடி, ஜூரா மலைகளுக்கு நடுவில் லெ லோக்ல் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடிக்கு மேலே. குளிர்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பனி. வயலில் வேலை கிடையாது. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் அந்த மாதங்களில் என்ன செய்தார்கள் என்றால், ஜன்னல் ஓரமாக மேஜையைப் போட்டுக்கொண்டு, கடிகாரத்துக்குப் பல்சக்கரம் ராவினார்கள். ஒரு வீட்டில் சக்கரம், அடுத்த வீட்டில் வில், அதற்கடுத்த வீட்டில் முள். இப்படி ஊரே ஒரு தொழிற்சாலை ஆயிற்று. பக்கத்து ஊரான லா ஷோ-த-ஃபோனையும் இந்த ஊரையும் சேர்த்து, கடிகாரத் தொழிலுக்காகவே அமைந்த நகரங்கள் என்று 2009-ம் ஆண்டு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நம்முடைய கதை இந்த ஊரில் ஆரம்பமாகிறது. சுற்றிச் சுற்றி இந்த ஊருக்கே வரவும் போகிறது.

ஆபிரகாம் லூயி பெர்ரெலே 1729-ல் லெ லோக்லில் பிறந்தவர். தொண்ணூற்றேழு வயது வரை இருந்து 1826-ல் காலமானார். அவர் 1777-ம் ஆண்டில் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்தார். உள்ளே ஓர் எடைக்கட்டி. வைத்திருப்பவர் நடந்தால் அந்தக் கட்டி குலுங்கும். குலுங்கினால் வில் முறுக்கேறும். அந்த வருஷமே ஜினீவாவிலிருந்த கலைச் சங்கத்தார் இதைப் பற்றி ஓர் அறிக்கையில் எழுதினார்கள். பதினைந்து நிமிஷம் நடந்தால் எட்டு நாளைக்கு ஓடுமாம்! ஆல்ப்ஸ் மலை ஆராய்ச்சியில் புகழ்பெற்ற விஞ்ஞானி ஸோஸ்யூர் அதே வருஷம் லெ லோக்லுக்குப் போய் இந்த மனிதரைப் பார்த்துவிட்டு வந்தார்.

சரித்திரத்தில் 'முதல்வர்' என்று ஒருவரைச் சொன்னால் உடனே இன்னொருவர் எதிரே வந்து நிற்பார். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தில் ஹூபர்ட் ஸார்ட்டன் என்று ஒரு கடிகாரக்காரர் இருந்தார். அவர் தாம் செய்த கடிகாரம் ஒன்றைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் பரிசீலனைக்கு அனுப்பினார். 1778 டிசம்பரில் கழகம் அறிக்கை தந்தது. அதோடு படமும் இருக்கிறது. அந்தப் படத்தில், நடுவில் அச்சுக் குத்தி முழு வட்டமாகச் சுழலும் பாரத்தகடு தெளிவாகத் தெரிகிறது. இன்று உலகெங்கும் கையில் சுற்றிக்கொண்டிருப்பது அந்த மாதிரித் தகடுதான். பெர்ரெலேக்கு ஊர்ப் பேச்சும் கீர்த்தியும் இருக்கின்றன. ஸார்ட்டனுக்குக் காகிதம் இருக்கிறது. பழைய பத்திரங்களை ஆராய்கிறவர்கள் இதைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் காகிதம் வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார். ஆனாலும் 1777 என்ற வருஷம் 1778-க்கு முந்தியது என்பதை எந்த வக்கீலாலும் மாற்ற முடியாது.

இந்த இருவரையும்விடப் பெரிய பெயர் வாங்கியவர் மூன்றாமவர். ஆபிரகாம் லூயி ப்ரெகே. லெ லோக்ல் இருக்கும் அதே நேஷாடெல் சீமையில் பிறந்து, பாரிஸுக்குப் போய்க் கடை வைத்தவர். கைராசிக்காரர். யாருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்தவர். தானே சாவி கொடுத்துக்கொள்ளும் கடிகாரத்துக்கு 'பெர்பெச்சுவெல்' - நிரந்தரமானது - என்று பெயர் வைத்தார். என்ன அழகான பொய்! நிரந்தரமாக ஓடுகிற யந்திரம் உலகத்தில் கிடையாது. ஆனால் ராஜ வம்சத்தாருக்கு அந்த வார்த்தை பிடித்துப் போயிற்று. 1780-ல் ஆர்லியன்ஸ் பிரபு ஒன்று வாங்கினார். 1782-ல் பிரான்ஸின் ராணி மேரி அன்டாய்னெட் ஒன்று வாங்கினாள்.

மறு வருஷம், ராணியின் மெய்க்காப்புப் படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி ப்ரெகேயிடம் வந்தாராம். ராணிக்கு ஒரு கடிகாரம் வேண்டும். உலகத்தில் உள்ள அத்தனை நூதனமும் அதில் இருக்க வேண்டும். செலவைப் பற்றிக் கவலையில்லை, காலக்கெடுவும் இல்லை என்றாராம். ப்ரெகே அதற்குள் பிளாட்டினப் பாரம் வைத்துத் தானே சாவி கொடுத்துக்கொள்ளும்படி செய்ய ஆரம்பித்தார். 160-ம் நம்பர் கடிகாரம் அது. உள்ளே எண்ணூற்றுச் சொச்சம் உறுப்புகள். காலக்கெடு இல்லை என்று சொன்னது வினையாகப் போயிற்று. 1789-ல் புரட்சி வந்தது. 1793-ல் ராணியின் தலை உருண்டது. ப்ரெகேயும் 1823-ல் இறந்துபோனார். கடிகாரம் முடிந்தது 1827-ல். கட்டளையிட்டவர்கள் தரப்பிலும் செய்தவர் தரப்பிலும் அதை வாங்கவோ கொடுக்கவோ ஆள் இல்லை. பின்னால் அது பல கை மாறி ஜெருசலேமில் ஒரு கலைக் காட்சிசாலைக்கு வந்தது. 1983 ஏப்ரலில் ஒரு திருடன் ஜன்னல் வழியே புகுந்து, வேறு நூறு கடிகாரங்களோடு இதையும் அள்ளிக்கொண்டு போனான். இருபத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு, 2007-ல், கிடைத்துவிட்டது என்று காட்சிசாலைக்காரர்கள் அறிவித்தார்கள். அத்தனை வருஷமும் அது எங்கோ அசையாமல் கிடந்திருக்கிறது. 'நிரந்தர' யந்திரம்!

இவ்வளவு புகழ் இருந்தும், இந்தக் கடிகாரம் வேரூன்றவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய மறந்தே போனார்கள். இதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். கடிகாரம் இருந்த இடம் சட்டைப்பை. பையில் சங்கிலி போட்டுச் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பொருள் எவ்வளவு அசையும்? மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அதுவும் உட்கார்ந்துவிடும். விலையோ அதிகம், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. யோசனை சரியானது, அதற்கு ஏற்ற இடம்தான் மனித உடம்பில் இன்னும் ஏற்படவில்லை. மணிக்கட்டு என்று ஒன்று இருந்தது, வாஸ்தவம். ஆனால் அங்கே கடிகாரம் கட்டுவது ஸ்திரீகள் வளையல் போட்டுக்கொள்வது மாதிரி என்று அந்தக் கால ஆண்பிள்ளைகள் நினைத்தார்கள்.

அந்த நினைப்பை மாற்றியது முதல் மகாயுத்தம். பதுங்கு குழியில் இருக்கிற சிப்பாய்க்கு ஒரு கையில் துப்பாக்கி. குறிப்பிட்ட நிமிஷத்தில் பீரங்கி வெடிக்கும். குறிப்பிட்ட நிமிஷத்தில் குழியை விட்டு ஏறி ஓட வேண்டும். கோட்டுப் பொத்தானைக் கழற்றிப் பைக்குள் கைவிட்டுக் கடிகாரத்தை எடுத்துப் பார்க்க அவகாசம் ஏது? மணிக்கட்டில் கட்டினார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்களின் கையில் கடிகாரமும் கூடவே வந்தது. அவர்களைப் பார்த்து 'வளையல்' என்று கேலி செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்?

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவர் ஜான் ஹார்வுட். இங்கிலாந்தில் போல்ட்டன் என்ற ஊரில் 1893-ல் பிறந்த கடிகாரத் தொழிலாளி. ரிப்பேருக்கு வந்த கைக்கடிகாரங்களைத் திறந்து பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவருக்குத் தெளிவாயிற்று. தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து யந்திரத்தைக் கெடுக்கின்றன; அவை புகும் வழி, திருகின் தண்டு நுழைகிற துவாரம். ஆகவே திருகே இல்லாத கடிகாரம் வேண்டும். திருகு இல்லாவிட்டால் சாவி கொடுப்பது எப்படி? தானே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஆட்டோமாடிக் கடிகாரம் சோம்பேறிகளுக்காக உண்டானது என்று பலரும் நினைக்கிறார்கள். தினம் அரை நிமிஷம் திருகுவதற்குக் கூட அலுத்துக்கொள்ளும் சீமான்களுக்காக என்று. பிரபுக்கள் காலத்து விளையாட்டுச் சாமானைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஹார்வுட்டின் கடிகாரம் ஒரு பொத்தலை அடைப்பதற்காகப் பிறந்தது. ஒழுகுகிற கூரையை அடைக்க ஏறியவன் மேலேயிருந்து ஊரைப் பார்த்த கதை இது. இரண்டு குழந்தைகள் சீஸா பலகையில் ஏறி இறங்கி ஆடுவதைப் பார்த்தபோது யோசனை தோன்றியது என்று ஒரு கதையும் சொல்வார்கள். நியூட்டனுக்கு ஆப்பிள் விழுந்த மாதிரி, நம்ப விருப்பமுள்ளவர்கள் நம்பலாம்.

1924 செப்டம்பர் 1-ம் தேதி ஹார்வுட்டுக்கு ஸ்விஸ் பேடண்ட் கிடைத்தது. 1926-ல் பேஸல் சந்தையில் ஃபோர்ட்டிஸ் கம்பெனி அவருடைய கடிகாரத்தைக் காட்சிக்கு வைத்தது. பக்கத்தில் திருகே கிடையாது. முள்ளைத் திருப்ப வேண்டுமானால் முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருக வேண்டும். உள்ளே இருந்த பாரம் முழு வட்டம் சுழலவில்லை. ஓரளவு தூரம் போய், ஒரு சின்ன ஸ்பிரிங்கில் முட்டி, திரும்பி வந்து, மறுபக்கத்து ஸ்பிரிங்கில் முட்டும். கட்டியிருப்பவருக்கு மணிக்கட்டில் 'டுப் டுப்' என்று தெரியுமாம். முழுதாகச் சாவி ஏறினால் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். அதாவது ராத்திரி கழற்றி வைத்தால் விடிகிறவரைக்கும் போதும். வெகு மட்டான கணக்கு.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1931-ல் ஹார்வுட்டின் கம்பெனி மூடப்பட்டது.

அதே 1931-ல்தான் ஜினீவாவில் ரோலெக்ஸ் கம்பெனி முழு வட்டம் சுழலும் பாரத்தகடு வைத்த கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் அதிபர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் விளம்பரக் கலையில் மன்னர். பொத்தல் விஷயத்தை அவர் வேறு விதமாகத் தீர்த்திருந்தார். 1926-ல், தண்ணீர் புகாதபடி திருகையே மரையில் இறுக்கி மூடும் ஏற்பாட்டைச் செய்தார். ஆனால் தினமும் மரையைக் கழற்றிச் சாவி கொடுத்து மறுபடி இறுக்க வேண்டுமே? ஒரு நாள் மறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடுமே? அந்தக் கவலை தீர ஒரே வழி, தினமும் திறக்க அவசியமே இல்லாமல் செய்வது. அவருடைய எமில் போரர் என்ற நிபுணர் அதைச் செய்தார். பாரத்தகடு எங்கும் முட்டிக்கொள்ளாமல் சுழன்றதால் ஓட்டமும் நீண்டது. 1950-களின் நடுவில் ரோலெக்ஸ் விளம்பரங்கள், ஆட்டோமாடிக் கைக்கடிகாரத்தைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்ற தோரணையில் பேசின. ஹார்வுட் அப்போது உயிரோடிருந்தார். ஆட்சேபம் கிளம்பியது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஹார்வுட்டின் பெயரைச் சொல்லியே மறு விளம்பரம் செய்தது. 1957-ல் பிரிட்டிஷ் கடிகாரக் கலைக் கழகம் ஹார்வுட்டுக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. கம்பெனி மூடி இருபத்தாறு வருஷம் ஆன பிறகு!

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது?

எந்தக் கடிகாரத்துக்கும் உயிர் ஒரு சுருள் வில். ஒரு சின்ன டப்பிக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய எஃகு நாடா. அதை இறுக்கினால், அது தளர்ந்து விரியப் பார்க்கும். அந்த ஆவல்தான் சக்கரங்களைத் தள்ளுகிறது. கடைசிச் சக்கரத்தில் ஒரு காவல்காரன் உட்கார்ந்து, "ஒவ்வொரு பல்லாகப் போ" என்று தடுத்துத் தடுத்து விடுகிறான். 'டிக் டிக்' என்பது அவனுடைய சத்தம். இன்றைய ஆட்டோமாடிக் கடிகாரம் பலவற்றில் அது மணிக்கு 28,800 தடவை. ஒரு நாளைக்கு 6,91,200.

ஆட்டோமாடிக்கில் இவ்வளவுக்கும் மேலே, பின்பக்கத்தில், அரைவட்டத் தகடு ஒன்று அச்சில் தொங்குகிறது. ரோட்டர் என்று பெயர். விளிம்பில் கனம் அதிகம். கனமான பக்கம் எப்போதும் பூமியைத் தேடும். நீங்கள் கையைத் தூக்கி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தால், 'கீழே' என்பது அதற்கு வேறு பக்கமாகிவிடும். ஓடிப் போய் அங்கே நிற்கும். கையை இறக்கினால் திரும்ப ஓடும். இந்த ஓட்டத்தைப் பல்சக்கரங்கள் வாங்கி, வேகத்தைக் குறைத்து, பலத்தைக் கூட்டி, வில்லுக்கு அனுப்புகின்றன. ரோட்டர் எத்தனையோ தடவை சுற்றினால்தான் வில் ஒரு சுற்று இறுகும். சிறு துளி பெருவெள்ளம்! ரோட்டர் இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும் வில் ஒரே பக்கமாக இறுகும்படி 1942-ல் ஃபெல்ஸா கம்பெனி செய்தது. ரோட்டரின் அச்சில் கடுகு போன்ற ஐந்து குண்டுகளை வைத்து உராய்வைக் குறைத்தது எட்டர்னா கம்பெனி, 1948-ல். அந்த ஐந்து புள்ளிகளே அதன் முத்திரை ஆயிற்று.

முறுக்கிக்கொண்டே போனால் வில் அறுந்துவிடாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பழைய காலத்துக் கடிகாரங்களில், வில் நிறைந்ததும் ஒரு கொக்கி வந்து பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்போது அது இல்லை. வில்லின் வெளி நுனி டப்பியின் சுவரில் ஆணி அடித்தாற்போல் மாட்டியிருக்காது. சுவரை அழுத்திக்கொண்டு நிற்கும். அளவுக்கு மேல் முறுக்கினால் மெல்ல நழுவிவிடும். வயிறு நிறைந்த குழந்தை அடுத்த கவளத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. இந்த உபாயத்துக்கு 1863-ல் பேடண்ட் வாங்கியவர், சாவியை ஒழித்த அதே ஆத்ரியன் பிலிப். வேறு ஒரு காரியத்துக்காகச் செய்து வைத்தார்; அறுபது எழுபது வருஷம் கழித்து இங்கே வந்து உதவியது.

நிறைந்த வில் சாதாரணமாக நாற்பது மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். அதற்குள் கை அசைய வேண்டும். என் பெரியப்பா பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டராக இருந்தவர். கையில் ஓர் எச்.எம்.டி. ஆட்டோமாடிக். முப்பது வருஷம் கரும்பலகையில் போட்ட யானையும் தாமரையும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தன. ரிடையரான மூன்றாம் மாதம் அது நிற்க ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் மூன்று மணியில் நிற்கும். திருப்பி வைத்தால் மறுநாள் நாலில். கும்பகோணத்தில் ஒரு கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனார். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு மூடியை மூடிவிட்டார். "ஸார், கெடியாரத்திலே ஒரு கோளாறும் இல்லீங்க. நீங்கதான் சும்மா உட்கார்ந்திருக்கீங்க" என்றார். காசும் வாங்கவில்லை. பெரியப்பாவுக்கு ஒரு வாரம் முகம் சரியாக இல்லை. அப்புறம் தெருப் பிள்ளைகள் நாலு பேரைத் திண்ணையில் உட்கார வைத்துப் படம் போடச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். கடிகாரம் ஓடிற்று.

எச்.எம்.டி. என்றவுடன் நம் தேசத்துக் கதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1961-ல் ஜப்பானின் ஸிட்டிஸன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் சர்க்கார் கடிகாரத் தொழிற்சாலை ஆரம்பித்தது. ஒரு தலைமுறை இந்தியர்களின் மணிக்கட்டில் அதுவே கட்டிக் கிடந்தது. அந்தக் கம்பெனியை மூடுவதென்று 2016 ஜனவரியில் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. அதற்கெல்லாம் வெகு முன்னால், 1865-லேயே, பம்பாயில் கடை திறந்த ஸ்விஸ் கம்பெனி ஃபேவர் லூபா. அதன் பூர்விகத்தை விசாரித்தால், 1737-ல் லெ லோக்லில் ஆபிரகாம் ஃபாவர் என்பவர் தொடங்கியது என்று தெரிகிறது. அந்த ஊருக்கே வந்துவிட்டோம், பார்த்தீர்களா? ஃபேவர் லூபா என்ற பெயரை 2011-ல் விலைக்கு வாங்கியது டைட்டன் கம்பெனி; தமிழ்நாடு சர்க்காரின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்து, ஓசூரில் தொழிற்சாலை வைத்தது. ஜூரா மலையின் பழைய பெயர் சில வருஷம் ஓசூர்க்காரர்களிடம் இருந்துவிட்டுப் பிறகு வேறோர் இந்தியக் கம்பெனிக்குக் கை மாறியது. ஆனால் டைட்டன் கடிகாரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆட்டோமாடிக் அல்ல. அதைக் கொல்ல வந்த யமன்.

அந்த யமனின் பெயர் குவார்ட்ஸ். 1969-ம் வருஷத்தைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். அந்த ஜனவரி 10-ம் தேதி, லெ லோக்லில் உள்ள ஸெனித் கம்பெனி, ஆட்டோமாடிக்காகவும் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் கணக்கிடும் கடிகாரமாகவும் ஒருங்கே இருக்கும் யந்திரத்தை அறிவித்தது. வினாடியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். 'எல் பிரிமேரோ', அதாவது 'முதல்வன்', என்று பெயர். மார்ச் மாதம் ப்ரைட்லிங், ஹாயர் முதலிய கம்பெனிகள் கூடி இன்னொன்றை அறிவித்தன. ஜப்பானில் ஸெய்க்கோவும் அந்த வருஷத்திலேயே ஒன்றைக் கடைக்கு அனுப்பிவிட்டது. இருநூறு வருஷத்து வித்தை உச்சிக்கு ஏறி நின்றது. அதே ஸெய்க்கோ அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் 'ஆஸ்ட்ரான்' என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். ஒரு சிறிய மோட்டார் காரின் விலை. முதலில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

விலை மளமளவென்று இறங்கிற்று. உள்ளே ஒரு பாட்டரி; வினாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகத் துண்டு. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து வினாடிக்குள் தப்பும். ஸ்விஸ் பரீட்சையில் தேறிய உயர்ந்த ஆட்டோமாடிக்குக்கு ஒரே நாளில் நாலு வினாடி பிந்தவோ ஆறு வினாடி முந்தவோ உரிமை உண்டு. போட்டியே இல்லை. 1970-ல் ஸ்விஸ் கடிகாரத் தொழிலில் சுமார் தொண்ணூறாயிரம் பேர் இருந்தார்கள். 1980-களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம். பனிக்காலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சக்கரம் ராவியவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவில் நின்றார்கள்.

இவ்வளவு ஆன பிறகும், மணி தப்பாகக் காட்டக்கூடிய, விலை அதிகமான, கழற்றி இரண்டு நாள் வைத்தால் நின்றுவிடக்கூடிய இந்தப் பொருளை ஏன் கட்டிக்கொள்கிறார்கள்? பணத்தைக் காட்டிக்கொள்வதற்கு என்றால், அது ஓரளவு நிஜம். ஒருவரே பத்து ஆட்டோமாடிக் கடிகாரம் வாங்கி, கட்டாத ஒன்பதும் நின்றுவிடாமல் இருக்க, அவற்றை மாட்டிச் சுழற்றுவதற்கென்றே மின்சாரத்தில் ஓடும் பெட்டி ஒன்றும் வாங்கி வைக்கிறார். தானே சாவி கொடுத்துக்கொள்ளும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஒரு யந்திரம்! பெர்ரெலே கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஆனால் ஒரே ஒரு கடிகாரம் வைத்திருப்பவர்களும் அதை விடுவதில்லை. அவர்களைக் கேட்டால் வினாடி முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போவதைச் சொல்வார்கள். அமைதியான ராத்திரியில் கையைத் திருப்பினால் ரோட்டர் 'விர்' என்று ஓடும் மெல்லிய சத்தத்தைச் சொல்வார்கள். முதுகில் கண்ணாடி வைத்த கடிகாரமானால் குழந்தைகளுக்கு எடுத்துக் காட்டுவார்கள். எனக்குத் தோன்றுவது இது. குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு நம்மைத் தெரியாது. மேஜை டிராயரில் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். இப்போது வந்திருக்கும் கெட்டிக்காரக் கடிகாரங்களோ, நாடித் துடிப்பைக் கூட எண்ணிச் சொல்லிவிட்டு, ஓரிரண்டு நாளைக்கொரு தரம் தீனிக்கு மின்சாரச் சுவரைத் தேடுகின்றன. தாத்தா சாவி கொடுத்த காலத்துக்கே திரும்பிவிட்டோம். ஆட்டோமாடிக் ஒன்றுதான் கட்டியிருப்பவரின் நடமாட்டத்தைத் தின்று உயிர் வாழ்கிறது. அவர் சமைத்ததும், எழுதியதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியதும் வில்லாக இறுகி, நிமிஷமாகத் திரும்பி வருகின்றன. வீட்டில் வளர்க்கும் பிராணியிடம் உள்ள பாசத்துக்கு இது வெகு தூரமில்லை.

பாசம் இருந்தால் மட்டும் போதாது. அச்சும் கருவியும் அழிந்துபோனால், ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இராது. லெ லோக்லில் அப்படித்தான் நடக்க இருந்தது. ஸெனித் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் சிகாகோவிலிருந்த ஓர் அமெரிக்க ரேடியோ கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. 1975-ல் உத்தரவு வந்தது: இனிமேல் குவார்ட்ஸ்தான், எல் பிரிமேரோவைச் செய்வதை நிறுத்து, அதற்கான கருவிகளை விற்றுவிடு. பழைய இரும்பு, எடைக்கு எடை.

ஷார்ல் வெர்மோ என்பவர் அந்தத் தொழிற்சாலையில் ஒரு பட்டறைக்குப் பொறுப்பாளர். எல் பிரிமேரோவை உருவாக்கியவர்களில் ஒருவர். ஒரு சின்னப் பட்டறையையாவது விட்டு வையுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. அதன் பிறகு, வேலை நேரம் முடிந்து எல்லாரும் போனதும், அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் பிரெஸ்களையும் வரைபடங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போய், தொழிற்சாலையின் பரணில் ஒளித்தார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். எந்த உறுப்பை எந்தக் கருவியால் எந்த வரிசையில் செய்வது என்று நோட்டுப் புஸ்தகத்தில் எழுதினார். முதலாளியின் உத்தரவை மீறிய குற்றம். கண்டுபிடித்திருந்தால் வேலை போயிருக்கும். அவர் திருடவுமில்லை, விற்கவுமில்லை. ஒளித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்.

1978-ல் கம்பெனி திரும்பவும் ஸ்விஸ்காரர்களிடம் வந்தது. 1984-ல் மறுபடியும் எல் பிரிமேரோவைச் செய்யலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கருவிகளைப் புதிதாகச் செய்வதென்றால் கட்டுப்படியாகாது என்று தெரிந்தது. வெர்மோ அவர்களை மாடிப் படி ஏற்றி அழைத்துக்கொண்டு போனார். ஒன்பது வருஷத் தூசிக்கு அடியில் எல்லாம் சீட்டு ஒட்டியபடியே இருந்தன.

நாலு வருஷம் கழித்து, 1988-ல், ரோலெக்ஸ் தன்னுடைய புகழ்பெற்ற 'டேடோனா' கடிகாரத்துக்குள் வைக்க அந்த யந்திரத்தைத்தான் லெ லோக்லிலிருந்து விலைக்கு வாங்கியது. சில மாற்றங்களோடு 2000-ம் வருஷம் வரை அது அதற்குள் ஓடிற்று. ஸெனித் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை இன்று அந்தப் பரணுக்கும் அழைத்துப் போகிறார்கள்.